பெரிய கிளாக்கரின் ஞாயிற்றுக்கிழமை விமானம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு விமானத்தைத் தரையில் மோதி நொறுக்குவார். நாங்கள் ஐந்தாறு பேர் அவர் வீட்டு முன்னறையில் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்ப்போம். நொறுங்கியதும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயாதான் முதலில் வாயைத் திறப்பார். "கொஞ்சத்துல தப்பிருச்சுங்க. காத்து ஒரு பக்கமா அடிச்சிருக்கும்" என்பார். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் என்ன காற்று அடிக்கும் என்று யாரும் கேட்க மாட்டோம். நானும் கேட்டதில்லை. தலையை ஆட்டிவிட்டு, அந்த வீட்டம்மா கொண்டுவந்து வைக்கும் தேநீரை எடுத்துக்கொள்வேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைக்கு மேலே, டயகம போகிற பாதையில் இருந்தது. நான் அங்கே ஸ்டோரு என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன். தொழிலாளர்களின் லயத்தில் பிறந்து, ஹட்டனில் தொழில் பழகி, இருபத்தேழு வயதில் சட்டைப் பையில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு திரிந்தவன். லயங்களுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. தொழிற்சாலைக்கும் தோட்ட மனேஜரான துரையின் பங்களாவுக்கும் உத்தியோகத்தர் குவாட்டர்ஸுகளுக்கும் மட்டும்தான். ஆகவே என் தொழில் தேவைப்பட்டவர்கள் எல்லாருமே எனக்கு மேலே இருந்தவர்கள். அவர்கள் வீட்டில் பியூஸ் போனால் நான் ஓட வேண்டும். அவர்கள் விமானம் ஓட்டினால் நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பெரிய கிளாக்கர் வீட்டம்மாவின் தம்பி இலண்டனில் இருந்தார். விடுமுறைக்கு வந்தபோது அக்காவுக்கென்று ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். டைப்ரைட்டரின் விசைகளை மட்டும் தனியே வெட்டி எடுத்து ஒரு தட்டையான பெட்டியில் பொருத்தியது போல இருக்கும். அதைத் தொலைக்காட்சியோடு இணைத்து, கசெட் ரெக்கோர்டரில் ஒரு கசெட்டை ஓடவிட வேண்டும். ஐந்தாறு நிமிடம் காது கிழிகிற மாதிரிக் கீச்சிட்ட பிறகு திரையில் ஒரு கோடு தெரியும். அதுதான் அடிவானம். இன்னும் இரண்டு சாய்ந்த கோடுகள், அது ஓடுபாதை. கீழே உயரத்துக்கும் வேகத்துக்கும் நாலைந்து வட்டங்கள். கையில் பிடித்துத் தள்ளவும் இழுக்கவும் ஒரு ஜொய்ஸ்டிக். வீட்டிலிருந்தபடியே விமானம் ஓட்டப் பழகலாம் என்று கசெட் உறையில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை நம்பி மனிதர் தன்னை விமானி என்றே முடிவு கட்டிவிட்டார்.

ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் நாலாவது வளைவிலேயே குமட்டலை அடக்கத் தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொள்கிற ஆள் அவர். வெளியே மழை கொட்டும். ஜன்னலுக்கு அப்பால் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாது. உள்ளே இவர் கழுத்துப்பட்டி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆங்கிலத்தில் பயணிகளுக்கு வணக்கம் சொல்வார். எங்களோடு உட்கார்ந்திருக்கும் தொழிற்சாலை டீமேக்கருக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் இடுப்புப் பட்டியைச் சரி பார்த்துக்கொள்வார்.

ஏறுவதில் அவருக்குப் பிரச்சினை இருக்கவில்லை. இழுத்தால் ஏறும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தால் பதறிப்போய் ஒரே இழுப்பாக இழுப்பார். அந்தக் கம்ப்யூட்டரோ மெதுவானது. கை அசைந்து ஒரு கணம் கழித்துத்தான் திரையில் படம் மாறும். மாறாததைப் பார்த்து இன்னும் இழுப்பார். பிறகு இரண்டு இழுப்பும் சேர்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். உடனே தள்ளுவார். ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் போய், கடைசியில் ஓடுபாதைக்கு முன்னாலேயே தலைகுப்புற விழும். திரை நின்றுவிடும். "மெஷின்ல கோளாறு" என்று கண்ணாடியைக் கழற்றுவார். ஒரு வருடம் அப்படியே விழுந்தார். இருபது வருடம் செக்ரோல் என்கிற சம்பளப் பேரேட்டை எழுதிய ஒருவருக்கு, ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்பது கண்ணில் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் ஜொய்ஸ்டிக்கை முறுக்கி உடைத்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இத ஒழுங்காச் செஞ்சு குடப்பா. ஒன் ஸ்டோரு மோட்டர் மாதிரி நெனச்சுறாத. இது நுட்பமான சாமான்" என்றார்.

திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு திருகு ரெசிஸ்டர்கள். ஒன்று இடம் வலத்துக்கு, மற்றது மூக்கை ஏற்றி இறக்க. இரண்டாவது வெடித்திருந்தது. ஹட்டனுக்குப் போய், ரேடியோ திருத்துகிற முஸ்லிம் நானாவின் கடையில் அதே அளவு எழுதிய ஒரு வொலியூம் கன்ட்ரோலை வாங்கிவந்து பொருத்தினேன். வேலை செய்தது. எனக்கு உள்ளூரப் பெருமை. நுட்பமான சாமானாம்! ஒரு பழைய ரேடியோவின் உறுப்பால் அதை ஓட வைத்துவிட்டேன் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

அதற்கடுத்த புதன்கிழமை அந்த அம்மா தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பினார். சுவிட்சில் பொறி பறக்கிறதாம். போனேன். சுவிட்சில் ஒன்றுமில்லை. முன்னறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் விமானம் உயரே நின்றது.

"தம்பி, நீங்க போட்ட சாமான் சரியில்லைங்க" என்றார். "கைய எடுத்துட்டாலும் மூக்கு தானாக் கீழ போகுது. தள்ளுனா கொஞ்சமா அசையுது. இழுத்தா எகிறுது. முன்ன ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துச்சு."

அவருக்கு நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கன்னியர் மடப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியையாக இருந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த வீட்டில் அவர் தேநீர்த் தட்டோடு வந்து போவதைத் தவிர வேறெதையும் நான் கண்டதில்லை. "அது கை பழகணுங்கம்மா. ஐயா பழகிக்குவாரு" என்றேன். சொன்ன தொனி எனக்கே இப்போதும் காதில் விழுகிறது. பெரிய கிளாக்கர் என்னிடம் பேசுகிற அதே தொனி.

அவர் கோபப்படவில்லை. "அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

மீட்டரை எடுத்து வைத்து அளந்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. திருகின் முதற்பாதியில் முள் கொஞ்சமாகத்தான் நகர்ந்தது, பிற்பாதியில் பாய்ந்தது. மறுபடி நானாவிடம் போனபோது அவர் சிரித்தார். "தம்பி, அது ரேடியோ சத்தத்துக்குள்ள சாமான். காதுக்கு அப்பிடி இருந்தாத்தான் சரி. ஒங்களுக்குச் சீராக் கூடுறது வேணும். மொதலே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே" என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். என்ன வேலைக்கு என்று நான்தான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

புதியதைப் பொருத்திக் கொடுத்ததும் அந்த அம்மா ஜொய்ஸ்டிக்கை இரண்டு விரலால் பிடித்தார். முழுக் கையால் அல்ல, ஊசி பிடிக்கிற மாதிரி. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு, விரலை நடுவுக்குக் கொண்டுவந்து காத்திருந்தார். படம் மாறியது. இன்னொரு சின்னத் தள்ளல். மறுபடி காத்திருந்தார். அப்போதுதான் கண்ணாடித் திரையில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்ததைக் கவனித்தேன்.

"இது எதுக்குங்கம்மா?"

"அடிவானக் கோடு இந்தப் பொட்டுக்கு நேரா நிக்கணும். நின்னா மூக்கு எறங்குறதுக்குச் சரியான சரிவுல இருக்குன்னு அர்த்தம். கோடு நகந்தா மெதுவாக் கொண்டாந்து பொட்டுலயே நிறுத்தணும். உசரம் வேகமாக் கொறஞ்சா மூக்கத் தூக்கக்கூடாது, எஞ்சினக் கொஞ்சம் கூட்டணும். அவர் அங்கதான் விடுறாரு."

"ஓடுபாதைக்கு முன்னாடி விழுவோமா தாண்டிப் போவோமான்னு எப்படித் தெரியும்?"

"ஓடுபாதையோட இந்த முனையப் பாருங்க. அது திரையில ஒரே எடத்துல நின்னுக்கிட்டே பெருசாகணும். மேல நகந்துச்சுன்னா முன்னாடியே விழப் போறோம். கீழ நழுவுச்சுன்னா தாண்டிப் போகப் போறோம். எல்லாம் அந்தப் பொஸ்தகத்துல இருக்குங்க. யாரும் படிக்கல."

கம்ப்யூட்டரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் அவர் மடியில் விரிந்து கிடந்தது. தரைக்குச் சற்று மேலே எஞ்சினைக் குறைத்தார். மூக்கைத் துளி உயர்த்தி அப்படியே பிடித்துக்கொண்டார். "இப்போ இழுக்குறது இல்ல. கீழ சாயாமப் புடிச்சுக்கிறது மட்டும். அதுவா வந்து ஒக்காரும்" என்றார். உட்கார்ந்தது. வேக முள் மெல்ல இறங்கிப் பூச்சியத்தில் நின்றது. ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் அந்த வீட்டில் உட்கார்ந்தும், இந்த விமானம் நொறுங்காமல் நிற்கக்கூடியது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவருக்கு என்னிடம் ஓர் உதவி தேவைப்பட்டது. பகலில் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர்களைப் போடும்போது குவாட்டர்ஸில் வோல்டேஜ் விழும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும், மறுபடி ஆறு நிமிடம் கசெட் ஓட்ட வேண்டும். ரோலர் போடுகிற நேரங்களை எழுதித்தரக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஈடாகவோ என்னவோ, சுவிட்சில் பொறி என்று ஆள் அனுப்பி நான் போகும்போதெல்லாம் எனக்கும் ஓட்டக் கொடுத்தார். நான் இழுத்து ஊஞ்சலாட்டும்போது, "பொறுங்க, படம் வரட்டும்" என்பார். மூன்று மாதத்தில் நானும் இறக்கப் பழகினேன். ஐயாவுக்குத் தெரியுமா என்று ஒரு தடவை கேட்டேன். "அவர் கேக்கலையே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கிளாக்கர் வழக்கம்போல் விழுந்துகொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கதவருகே நிற்கும் அந்த அம்மாவை ஓரக்கண்ணால் பார்ப்பேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை இளக்காரமாகப் பார்க்கிறோம் என்று எனக்கொரு மிதப்பு. அந்த அம்மா அப்படிப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது.

அந்த வீட்டில் விமானம் ஓட்டும் விஷயம் துரை காதுக்குப் போனது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த துரைமாரில் ஒருவர் அவர். கொழும்பு ஆள், தமிழ் அரைகுறை. தேயிலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதைப் பாலோடும் குடிக்கலாம், பால் இல்லாமலும் குடிக்கலாம் என்பதுதான். கம்ப்யூட்டரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். துரை, கிளாக்கர் வீட்டுக்கு வருவதா! இரண்டு நாள் வீடு கழுவினார்கள். கதிரைகளுக்கு உறை தைத்தார்கள். தொலைக்காட்சியைத் துடைத்தபோது பெரிய கிளாக்கர் அந்தப் பொட்டைக் கண்டு, "டீவிக்கு யாரு பொட்டு வச்சது?" என்று நகத்தால் சுரண்டி எறிந்தார்.

துரை வந்து உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி, ஆங்கில வணக்கம் எல்லாம் முறையாக நடந்தது. முதல் தடவை பெரிய கிளாக்கர் ஓடுபாதைக்கு முன்னால் விழுந்தார். இரண்டாவது தடவை தாண்டிப் போய் விழுந்தார். மூன்றாவது தடவை, நேராக மூக்கைக் குத்தினார். துரை சத்தமாகச் சிரித்தார். டிஸ்பென்சர் ஐயாவும் அன்றைக்குக் காற்றைக் குறை சொல்லவில்லை. துரை சிரித்ததால் அவரும் சிரித்தார். பெரிய கிளாக்கரின் காது சிவந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் இவன் பண்ணுன வேல சார். மாத்துச் சாமான் போட்டு நாசமாக்கிட்டான். இவனையே எறக்கச் சொல்லுங்க பாப்போம்!"

"சரி, நீ பண்ணு" என்றார் துரை.

உட்கார்ந்தேன். பொட்டு இருந்த இடத்தில் பசைத் தடம் மங்கலாகத் தெரிந்தது. கோட்டை அதில் கொண்டுவந்து நிறுத்தினேன். இரண்டு விரலால் பிடித்தேன். காத்திருந்தேன். ஓடுபாதையின் முனை நின்ற இடத்திலேயே நின்று பெரிதானது. எஞ்சினைக் குறைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டேன். விமானம் வந்து உட்கார்ந்தது.

"ஏய், நல்லா பண்றது நீ!" என்றார் துரை. "யாரு சொல்லிக் குடுத்தது?"

அந்த அம்மா கதவருகே தட்டோடு நின்றார். எனக்கு அவரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நிற்கிறார் என்று தெரியும். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரிய கிளாக்கர் இல்லாத நேரத்தில் அவர் வீட்டில் எனக்கென்ன வேலை என்று கேட்டிருப்பார்கள். அந்தக் காரணத்தைப் பிற்பாடு நான் எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நொடியில் என் மனதில் அது இருக்கவில்லை. துரை என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் இருந்தது.

"தானாப் பழகுனது சார்" என்றேன்.

துரைக்கு அது இன்னும் பிடித்துப்போனது. "இந்த மெஷின் நம்ம பங்களாவுல இருந்தா நல்லது" என்று விளையாட்டாகச் சொன்னார். பெரிய கிளாக்கர் எழுந்தே விட்டார்.

"நாளைக்கே அனுப்பிடுறேன் சார். எங்களுக்கு இதுல என்ன வேல? தொரைக்கு இல்லாததா?"

மச்சான் தன் அக்காவுக்குக் கொடுத்த பொருளை, மூன்று தடவை விழுந்த அவமானத்தைத் துடைக்க அவர் தூக்கிக் கொடுத்தார். அந்த அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். தேநீரை நாங்களே எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் மாலை நாலு மணிக்கு எனக்குப் பங்களாவில் வேலை. துரைக்கு விமானம் இறக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை. திரையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினேன். "பொறுங்க சார், படம் வரட்டும்" என்றேன். "இழுக்குறது இல்ல சார், புடிச்சுக்கிறது மட்டும்" என்றேன். ஒரு சொல்கூட என்னுடையதில்லை. துரை பெரிய கிளாக்கரைவிட மோசம். பெரிய கிளாக்கராவது உட்கார்ந்து விழுந்தார். இவர் ஒரு கையில் கிளாஸை வைத்துக்கொண்டு மறு கையால் இழுப்பார். பிட்ச் என்றால் மூக்கு ஏறி இறங்குவது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் எனக்கு வர வேண்டியது வந்தது. ஆறு மாதத்துக்குள் என்னை எலக்ட்ரிக்கல் வேலைகளுக்குப் பொறுப்பாளன் ஆக்கினார்கள். இரண்டு அறைக் குவாட்டர்ஸ் கிடைத்தது. லயத்திலிருந்து என் அம்மாவைக் கூட்டிவந்தேன். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து, "எம் மவன் மூளையால வந்தது" என்று அவர் அக்கம்பக்கத்தில் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிச் சோறு தின்றேன்.

ஒரு சனிக்கிழமை எனக்குத் தாங்கவில்லை. துரை அன்றைக்குத் தற்செயலாகச் சரியாக இறக்கிவிட்டு, "நீ நல்ல வாத்தியார்" என்றார்.

"நான் இல்லைங்க சார். பெரிய கிளாக்கர் வீட்டம்மாதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. பொஸ்தகத்தப் படிச்சு அவங்களாக் கண்டுபுடிச்சது."

துரை கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கிளாக்கர் பொண்சாதியா? நீ ரொம்ப பகிடி பண்றது!" என்று என் தோளில் தட்டினார். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சிரித்து முடிகிற வரை நானும் கூடச் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவைப் பஸ் பாதையில் கண்டேன். குடையும் துணிப்பையுமாக நின்றிருந்தார். கம்ப்யூட்டர் போனதிலிருந்து அந்த வீட்டில் சுவிட்சில் பொறி பறக்கவில்லை, நானும் போகவில்லை. பக்கத்தில் போய், துரையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நம்புனாரா?"

"இல்லைங்கம்மா."

"நம்ப மாட்டாரு. அன்னிக்கே சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாங்க. ஆனா நீங்க சொல்லல" என்றார். குரலில் சூடு எதுவும் இல்லை. துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "அன்னிக்கு எஞ்சினக் கொஞ்சம் சீக்கிரமாக் கொறச்சிட்டீங்க. அதனாலதான் கடைசியில சரிஞ்சு விழுந்த மாதிரி எறங்குச்சு. சும்மா கண்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

உண்மை. அந்த இறக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"எங்க போறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"அக்கரப்பத்தனைக்கு. பள்ளிக்கூடத்துல இங்கிலிஷ் படிப்பிக்க ஆள் இல்லையாம். கேட்டாங்க. போறேன்."

"ஐயா என்ன சொன்னாரு?"

"அவர் இன்னும் கேக்கல."

பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து குடையை மடக்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. மறுவருடம் துரை மாற்றலாகி, கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போனார். பெரிய கிளாக்கர் ஓய்வு பெறும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அதே முன்னறையில் எங்களை உட்காரவைத்துக் கிரிக்கெட் காட்டினார். ஒவ்வொரு பந்தையும் எப்படி அடித்திருக்க வேண்டும் என்று விளக்கினார். அந்த அம்மா உள்ளறையில் பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பார்; தேநீரைப் பெரிய கிளாக்கரே ஊற்றிக்கொண்டு வந்தார். அதில் எப்போதும் சீனி கூடுதல். நாங்கள் நல்லா இருக்குங்கய்யா என்று சொல்லிக் குடித்தோம்.